மொதலாளிப் பிள்ளை

கைக்குழந்தைக்கு விசா வாங்கப் போகிறோம் என்றதும் எங்கள் தாராவிச் சந்தில் சிரிக்காத ஆள் இல்லை. குழாயடியில் எனக்கு முன்னால் குடத்தோடு நின்ற மேலப்பாளையத்து அக்கா திரும்பிப் பார்த்து, "ஏம்ளா, பால்குடி மறக்காத பிள்ளைக்கு சர்க்கார் உத்தரவா? அங்க போயி அவன் என்ன, கப்பலையா கடத்தப் போறான்?" என்றாள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். அந்த வயதில் எனக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு வரும், எதற்கெடுத்தாலும் கோபமும் வரும். யோசிக்கிற பழக்கம்தான் கொஞ்சம் குறைவு.

அறுபதுகளின் தொடக்கம் அது. என் மாமனாருக்குக் கொழும்பில் பலசரக்குக் கடை. மீசை முளைக்காத வயதில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனவர், யார் யார் கடையிலோ மூட்டை தூக்கி, பொட்டலம் மடித்து, கடைசியில் சொந்தமாக ஒரு கடை போட்டு உட்கார்ந்துவிட்டார். என் கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. மனத்தாங்கல் ஒன்றும் இல்லை. இலங்கையை விட்டு ஒரு தடவை வெளியே வந்துவிட்டால் மறுபடி உள்ளே விடுவார்களா என்பது அப்போது யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து, திரும்பிப் போக முடியாமல் ஊரில் நின்றவர்களை அவர் பார்த்திருக்கிறார். அதனால் மகன் கல்யாணத்துக்குப் பட்டுச் சேலையும் வேட்டியும் ஆள் மூலம் வந்தன. அவர் வரவில்லை. மாமியார் அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

ஆக, எனக்கு மாமனார் என்றால் ஒரு போட்டோதான். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் சம்மணம் போட்டு, இரண்டு கைகளையும் பெட்டிமேல் வைத்துக்கொண்டு, யாரோ கடன் கேட்டதுபோல் பார்த்துக்கொண்டிருப்பார். என் கணவர் அந்தப் போட்டோவைத் தாராவி அறையின் சுவரில் மாட்டியிருந்தார். அவர் மாஹிம் பக்கம் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். நான் அடுப்பில் நின்றால் நேர் எதிரே மாமனார். குழம்பில் உப்பு கூடினால்கூட அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும்.

பையன் பிறந்தபோது மாமனாருக்குக் கண்ணில் கோளாறு தொடங்கிவிட்டது. கண்ணுக்குள்ளே அழுத்தம் கூடிவிட்டது என்று டாக்டர் சொன்னாராம். போன பார்வை திரும்பாது, இருக்கிறதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், எவ்வளவு நாளில் என்று சொல்ல முடியாது. பக்கவாட்டில் எல்லாம் இருட்டிவிட்டது, நடுவில் மட்டும் சாவித் துவாரம் வழியே பார்க்கிறமாதிரி தெரிகிறது என்று யாரையோ வைத்து எழுதிய கடிதம் வந்தது. கடிதத்தின் அடியில் அவரே கோணல்மாணலாக ஒரு வரி சேர்த்திருந்தார். முழுசாக இருட்டுவதற்குள் பேரனை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று.

என் கணவர் அதைப் படித்த மறுநாளே பட்டறைச் சேட்டிடம் ஒரு மாத லீவு கேட்டார். போனால் திரும்பி வர வேண்டாம் என்று சேட்டு சொல்லிவிட்டார். அதனால் நானும் பிள்ளையும் மட்டும் போவது, அவர் தனுஷ்கோடிவரை கொண்டுவந்து கப்பலேற்றிவிடுவது, அந்தக் கரையில் கடைப் பையன் வந்து கூட்டிப்போவது என்று முடிவாயிற்று. சந்தைத் தாண்டித் தனியாக மாட்டுங்கா மார்க்கெட்டுக்குக்கூடப் போகாதவள் நான். ஆனால் பயமே இல்லை. போட்டோவில் இருக்கிறவரை நேரில் பார்க்கப் போகிறோம் என்ற எண்ணத்தில் பயம் வரவில்லை.

இங்கே பெயர் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் பக்கத்தில் மூத்த பையனுக்கு அப்பாவின் அப்பா பெயர்தான். வேறு பெயர் வைப்பது என்ற பேச்சே கிடையாது. பெயர் வைத்த அன்று நாத்தனார் முறையுள்ள ஒருத்தி பிள்ளையின் காதில் மூன்று தரம் சொன்னாள். அதோடு சரி. அதற்குப் பிறகு அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யார் சொல்வது? நான் மருமகள், மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாது. என் கணவருக்கு அது பெற்ற தகப்பன் பெயர். அந்தப் பெயரைச் சொல்லி, கூடவே 'வாடா போடா' என்று அவரால் கூப்பிட முடியுமா? சொன்னால் என்ன ஆகும் என்று ஒரு தடவை என் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். "அவுகளுக்கு ஆயுசு கொறஞ்சு போவும்" என்றாள். போட்டோவில் மட்டுமே இருக்கிற மனிதருக்கு என் நாக்கால் ஆயுசு குறைய வேண்டுமா? ஆகவே சொல்லவில்லை. இப்போது இதை எழுதுகிறபோது தடுக்க ஆளில்லை. ஆனாலும் அந்த இடம் வந்தால் கை ஓடுவதில்லை.

பிள்ளை உட்காரத் தொடங்கியபோது கையில் கிடைத்ததை எல்லாம் இழுத்து மடியில் வைத்துக்கொண்டு யாருக்கும் தரமாட்டான். ஒருநாள் பிஸ்கட் டப்பாவை முன்னால் வைத்து, இரண்டு கையையும் அதன்மேல் ஊன்றிக்கொண்டு முறைத்தான். அதே பார்வை. நான் சுவரைப் பார்த்தேன், பிள்ளையைப் பார்த்தேன், "அடேயப்பா, மொதலாளி!" என்றேன். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் என் மாமனாரை அப்படித்தான் சொல்வார்கள். என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து அவன் மொதலாளி. மொதலாளி பால் குடித்தாரா, மொதலாளி தூங்கினாரா, மொதலாளி கோமணம் நனைந்துவிட்டதா என்று சந்து முழுக்க அதுதான் பேச்சு. பெயர் இல்லாத குறை தீர்ந்தது.

காகித வேலை எல்லாம் என் கணவர் பார்த்துக்கொண்டார். பாஸ்போர்ட் என் பெயரில். பிள்ளையின் பெயரை அதிலேயே ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தார்கள். விசாவுக்குத் தனி விண்ணப்பம். அதற்குப் பிள்ளையின் போட்டோ வேண்டும். மாட்டுங்காவில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனோம். கன்னத்தில் நான் வைத்திருந்த திருஷ்டிப் பொட்டு ஓரணா அகலம் இருக்கும். போட்டோக்காரர் பாலக்காட்டுக்காரர், நிதானமான மனிதர். "அம்மா, இதை எடுத்துடுங்கோ. இல்லேன்னா அவா மச்சம்னு எழுதிப்பா, அப்புறம் அங்கே போய் மச்சம் எங்கேன்னு கேட்டா என்ன சொல்வேள்?" என்றார். முகத்தில் பொட்டு இல்லாமல் பிள்ளையைப் படம் எடுப்பதா என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது நியாயமாகப் பட்டது. கன்னத்துப் பொட்டை அழித்து, உள்ளங்காலில் வைத்தேன். படத்தில் கால் விழாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் வளையாத கட்டை அல்ல. இன்ன இடத்தில் இன்னது வரும் என்று முன்னாலேயே ஒருவர் சொல்லியிருந்தால் பெயருக்கும் ஏதாவது வழி பண்ணியிருப்பேன்.

என் கணவர் எனக்குப் பாடம் சொல்லித்தராமல் இல்லை. சாப்பிட்டு முடித்ததும் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆபீசர் ஆகிவிடுவார். "எதுக்குப் போறே?" "மாமாவப் பாக்க." "எங்க தங்குவே?" "அவுக வீட்டுல." "எப்பத் திரும்புவே?" "ஒரு மாசத்துல." "அங்கயே இருந்துருவியா?" "இருக்க மாட்டேன், இங்க இவுகளுக்கு யாரு சோறு பொங்குவா?" கடைசி பதில் மட்டும் வேண்டாம் என்றார். எல்லாம் கேட்டார். உன் பிள்ளைக்கு என்ன பெயர் என்று மட்டும் கேட்கவில்லை. பெற்றவளிடம் போய் அதை யார் கேட்பார்கள்?

கோட்டைப் பகுதியில் இருந்தது இலங்கை விசா அலுவலகம். மாஹிமிலிருந்து சர்ச்கேட்டுக்கு ரயிலில் போய், அங்கிருந்து நடந்தோம். பிள்ளைக்குப் புதுச் சட்டை, எனக்குக் கல்யாணத்துக்கு மாமனார் அனுப்பிய பட்டு. வெயிலில் பட்டுச் சேலை கசகசவென்று ஒட்டியது. அதைத்தான் கட்ட வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். பயணம் போகிறவர்கள் மட்டும் உள்ளே வரலாம் என்று வாசலில் இருந்தவர் சொன்னதால், என் கணவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்.

ஆபீசர் நடுவயதுக்காரர். நல்லவர் என்றே இன்றைக்கும் சொல்வேன். பிள்ளையைப் பார்த்ததும் சிரித்தார், மேஜையில் இருந்த பேனா மூடியை விளையாடக் கொடுத்தார். இலங்கைச் சிங்களவர். தமிழ் அவர் பாஷை அல்ல, ஆனால் கொஞ்சம் பேசுவார். அந்தக் கொஞ்சம்தான் எங்களைக் கெடுத்தது. தமிழே தெரியாதவராக இருந்திருந்தால் வெளியே இருந்தவரை மொழிபெயர்க்கக் கூப்பிட்டிருப்பார், நாங்கள் பிழைத்திருப்போம்.

எதற்குப் போகிறீர்கள், எங்கே தங்குவீர்கள் என்று கேட்டார். ஒப்பித்தேன். தலையாட்டிக்கொண்டே வந்தவர், காகிதத்தில் இரண்டு இடத்தில் விரலை வைத்து மாறி மாறிப் பார்த்தார்.

"இது கடைக்காரர் பெயர். இது பிள்ளையின் பெயர். இரண்டும் ஒன்று?"

"ஆமா. ஒண்ணுதான்."

"சரி. பிள்ளையின் பெயர் சொல்லுங்கள்."

நான் காகிதத்தைக் காட்டினேன். "அதுல எழுதியிருக்கே."

"எழுதியிருக்கு. நீங்கள் சொல்லுங்கள்."

பிள்ளையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் இந்த மாதிரி நேரத்தில் சுற்றி வளைத்துச் சொல்வோம். அதே பெயர் உள்ள சாமியைச் சொல்வோம், கேட்கிறவர்கள் புரிந்துகொண்டு பெயரைச் சொல்ல, நாம் தலையாட்டினால் போதும். அப்படியே சொன்னேன்.

"எங்க ஊர்ல மல மேல நிக்காரே சாமி, அவரு பேரு."

பேனாவை எடுத்தவர் எழுதாமல் வைத்தார். "எந்த மலை?"

எங்கள் ஊர் மலையைப் பம்பாயில் உட்கார்ந்திருக்கும் அயல்நாட்டுக்காரருக்கு எப்படிக் காட்டுவது? அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"அம்மா, பயப்பட வேண்டாம். வீட்டில் பிள்ளையை எப்படிக் கூப்பிடுவீர்கள்?"

அப்பாடா என்று இருந்தது. இதற்குப் பதில் எனக்குத் தெரியும். "மொதலாளி" என்றேன்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தான். ஆபீசர் சிரிக்கவில்லை. அவர்கள் பாஷையிலும் அந்தச் சொல் உண்டு, கடை வைத்திருக்கிற பணக்கார ஆளுக்குத்தான் சொல்வார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. அவர் மறுபடி கடைக்காரர் பெயரில் விரலை வைத்தார்.

"முதலாளி பிள்ளை?"

பிள்ளைக்கு மொதலாளி என்றா பெயர் என்று கேட்கிறார் என நான் நினைத்தேன். இது அந்த முதலாளியின் பிள்ளையா என்று அவர் கேட்டிருக்கிறார்.

"ஆமா, மொதலாளி பிள்ளதான்" என்று நன்றாகத் தலையை ஆட்டினேன். கொஞ்சம் பெருமையாகவும் சொன்னேன்.

அவர் பேனா மூடியைப் பிள்ளையின் கையிலிருந்து மெதுவாக வாங்கிப் பேனாவை மூடினார். என் கணவரை உள்ளே கூப்பிட்டார்கள். பெயர் கேட்டதும் அவர் ரயில் நிலையத்தில் வண்டி அறிவிக்கிறமாதிரி கடகடவென்று முழுப் பெயரையும் சொன்னார். அது இன்னும் மோசமாகிவிட்டது. பெற்றவளுக்குத் தெரியாத பெயர் வெளியே உட்கார்ந்திருந்தவருக்கு மட்டும் எப்படித் தெரிகிறது? மருமகள் மாமனார் பெயரைச் சொல்ல மாட்டாள் என்று என் கணவர் தமிழிலும் இந்தியிலும், தெரிந்த நாலு இங்கிலீஷ் சொற்களிலும் விளக்கினார். ஆபீசர் கேட்டுக்கொண்டார்.

"இருக்கலாம்" என்றார். "ஆனால் பிள்ளை யாருடையது என்று அங்கே விசாரிக்க வேண்டும். கொழும்புக்கு எழுதுகிறேன். பதில் வந்த பின்னால் வாருங்கள்."

அவர் மேல் தப்புச் சொல்ல என்னால் முடியவில்லை. பெயர் தெரியாத ஒருத்தி, பட்டுச் சேலையில், முதலாளி பிள்ளை என்று அவளே ஒப்புக்கொண்ட ஒரு குழந்தையைக் கடல் தாண்டிக் கொண்டுபோகிறேன் என்கிறாள். அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தால் நானும் விட்டிருக்க மாட்டேன்.

திரும்பி வரும் ரயிலில் என் கணவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். தாதர் தாண்டியதும் திரும்பினார்.

"ஒரு பேரச் சொன்னா ஒன் வாயி வெந்தா போயிரும்?"

"ஒங்க அப்பா ஆயுசு என்ன ஆவும்?" என்றேன்.

"அவரு கண்ணு என்ன ஆவும்?"

மறுநாளே திரும்பப் போகலாம், இந்தத் தடவை கத்திச் சொல்கிறேன் என்று அழுதேன். காகிதம் மேலிடத்துக்குப் போய்விட்டது, இனி நீ மைக் வைத்துச் சொன்னாலும் பயன் இல்லை என்றார். பிள்ளை அவர் சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு முறைத்தான். அன்றைக்கு அவனைப் பார்த்து எங்கள் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

குழாயடியில் விஷயம் பரவியது. பாதிப் பேர் நான் செய்ததுதான் சரி என்றார்கள். நல்ல வீட்டுப் பெண் என்று பெயர் கிடைத்தது. மேலப்பாளையத்து அக்கா மட்டும் தலையில் அடித்துக்கொண்டாள். "எம் மாமனாரு பேர நான் நெதம் நாலு தடவ சொல்லி ஏசுதேன். மனுசன் இன்னும் கல்லாட்டம் இருக்காரு. ஒம் மாமனாருக்கு மட்டும் அவ்வளவு பூஞ்ச ஒடம்பா?" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். எனக்கு நெஞ்சில் போய்த் தைத்தது.

பதில் வரவில்லை. மழைக்காலம் வந்து சந்தில் முழங்கால் தண்ணீர் நின்றது, வடிந்தது. பிள்ளை தவழ்ந்தான், நின்றான், சுவரைப் பிடித்து நடந்தான். ஒவ்வொன்றுக்கும் எனக்குச் சந்தோஷம் வருவதற்கு முன்னால் இப்படித் தோன்றும்: இவன் இன்னும் வளர்ந்துவிட்டான், அங்கே அவருக்கு இன்னும் இருட்டியிருக்கும். அடுப்பில் நிற்கும்போது போட்டோவைப் பார்க்க முடியாமல் அடுப்பையே வேறு மூலைக்கு மாற்றினேன்.

மாமனார் கடையில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் அந்த வருஷக் கடைசியில் பம்பாய் வந்தார். எங்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டே அங்கே நடந்ததைச் சொன்னார். விசாரிக்கிறவர்கள் இரண்டு பேர் கடைக்கு வந்தார்களாம். வாடிக்கைக்காரர்கள் நிற்கும்போதே, பம்பாயிலிருந்து குழந்தை ஒன்றை விலைக்கு வரவழைக்கிறீரா என்று கேட்டார்களாம். மாமனாருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்ததும் கோபப்படவில்லை.

"கடகடன்னு சிரிச்சுட்டாரு" என்றார் வந்தவர். "அதுக்குப் பொறவு கடைக்கு வார ஆளுகிட்ட எல்லாம் அதே பேச்சுதான். எம் மருமக எம் பேரச் சொல்ல மாட்டேன்னுட்டாளாம், ஆபீசர் மொகத்துக்கு நேர நின்னு சொல்ல மாட்டேன்னுட்டாளாம், இந்தக் காலத்துல யாருக்குய்யா இப்படி மருமக கெடைப்பான்னு பூரிச்சுப் போயி சொல்லுதாரு. சாமான் நிறுத்துக் குடுக்க நாங்க இருக்கோம். அவருக்குத் தராசு முள்ளு தெரியல."

என் கணவர் சிரிக்க முயற்சி செய்தார். நான் எழுந்து, தண்ணீர் எடுக்கப் போகிறவள்போல் வெளியே போனேன். மாமனார் என்னைத் திட்டியிருந்தால், மடச்சி என்று நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அவர் பெருமைப்பட்டார். எந்த மரியாதையால் அவருக்குப் பேரனைப் பார்க்கக் கிடைக்கவில்லையோ, அதை அவர் ஊருக்கெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டார். குழாயடியில் தண்ணீர் வராத நேரம். வெறும் குடத்தை வைத்துக்கொண்டு நின்று அழுதேன்.

அனுமதி வரத்தான் வந்தது. அதற்குள் பெரும்புயலில் தனுஷ்கோடியே போய்விட்டிருந்தது, ரயிலும் இல்லை கப்பலும் இல்லை. அதைவிட, விசா வந்த கையோடு கொழும்பிலிருந்து இன்னொரு கடிதமும் வந்தது. இப்போது மாமனாருக்குப் பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று. கடைசி வரியில் அவர் கையெழுத்து இல்லை. என் கணவர் இரண்டையும் ஒரே உறைக்குள் போட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

கண் இல்லாத பிறகு கடை எதற்கு, திரும்பிப் போகிற உரிமைதான் எதற்கு? ராமேஸ்வரத்துக்குக் கப்பல் மறுபடி வரத் தொடங்கியதும் மாமனார் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார். என் கணவர் போய்க் கூட்டிவந்தார். நாங்கள் அப்போது செம்பூருக்கு வந்துவிட்டோம். என் கணவருக்கு அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை, ஒரு அறையும் சமையல் கட்டும் உள்ள வீடு. பையன் ஓட்டமும் பேச்சுமாக இருந்தான். இந்தியும் தமிழும் கலந்து ஓயாமல் பேசுவான்.

வாசலில் வந்து நின்றவரை முதல் பார்வையில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. போட்டோவில் அகலமாக இருந்த மனிதர் குறுகிப் போயிருந்தார். காலில் விழுந்தேன். தலையைத் தடவித் தேடி, "நீதானாம்மா?" என்றார்.

மறுநாள் என் கணவர் வேலைக்குப் போய்விட்டார். மாமனார் சுவரில் சாய்ந்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கைகள் இரண்டும் முன்னால், பெட்டி இல்லாத இடத்தில் ஊன்றியிருந்தன. பையனுக்குப் புது ஆளிடம் கூச்சம். பூனைமாதிரி சத்தமில்லாமல் அவரைச் சுற்றி வந்தான். பக்கத்தில் போவான், அவர் கையை நீட்டினால் நழுவிவிடுவான். அவர் நீட்டிய கை ஒவ்வொரு தடவையும் காற்றைத் தடவிவிட்டுத் திரும்பியது. நான் அரிசி களைந்துகொண்டே, "மொதலாளி, தாத்தாட்ட போங்க" என்றேன்.

மாமனார் சிரித்தார். "மொதலாளியா? கடைய வித்தாச்சேம்மா, இனி எவன் மொதலாளி?" என்றார். பிறகு கொஞ்சம் பொறுத்து, "பய எங்க நிக்கான்னு எனக்குத் தெரியல. நீ பேரச் சொல்லிக் கூப்புடு. அவன் எந்தப் பக்கமிருந்து ஏன்னு கேக்கான்னு பாக்கேன்" என்றார்.

"மாமா..." என்றேன்.

"சொல்லும்மா. ஆயுசு கொறஞ்சா கொறஞ்சுட்டுப் போவுது. இத வச்சு நான் எதப் பாக்கப் போறேன்? எங் காது நல்லாத்தான் இருக்கு."

அவர் குரலில் குறை இல்லை, குத்தல் இல்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை. பையன் வாசல் படியில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, தெருவில் போகிற ஐஸ் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டேன். ஆபீசர் மேஜைக்கு முன்னால் வராத பெயரை, எழுத்து எழுத்தாக, சத்தமாகச் சொல்லிக் கூப்பிட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

பையன் திரும்பவில்லை. அது தன் பெயர் என்று அவனுக்குத் தெரியாது. சுவரோரம் இருந்தவர்தான் சட்டென்று முகத்தை என் பக்கம் திருப்பி, "என்னம்மா?" என்றார்.